மஞ்சள் கப்ளர்

ஆனைக்குட்டம் என்றால் விருதுநகர்க்காரருக்கு அணை. அர்ஜுனா நதியின் குறுக்கே கட்டியது. சிவகாசிக்காரருக்கு அது பட்டாசு ஆலைகள் நடுவே கிடக்கும் ஊர்களில் ஒன்று. இந்தப் பக்கத்து ஆலைகளில் மருந்து அறைக்குள் போகிறவர் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். தகடு பூமியோடு இணைந்திருக்கும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். நைலான் துணி கூடாது, பருத்திதான். இரும்புக் கருவி கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. மணி மருந்து உராய்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் சாயங்காலம் வேலை முடிந்து காரில் ஏறி உட்காருகிறார். அவர் நெஞ்சுக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில், ஸ்டீயரிங்கின் நடுவில், மின்சாரத்தால் பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. அதை அவர் நினைப்பதே இல்லை. டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும்போதும் நினைப்பதில்லை. "அண்ணாச்சி, லைட்டு மட்டுந்தான் எரியுது. மத்தபடி வண்டி நல்லா ஓடுது" என்பதுதான் பட்டறையில் கேட்கிற பேச்சு. அது பொய்யும் இல்லை. பிரேக் பிடிக்காவிட்டால் அடுத்த வளைவில் தெரிந்துவிடும். ஏ.சி. ஓடாவிட்டால் கந்தக பூமி வெயிலில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏர்பேக் செத்திருப்பது ஒரே ஒரு நாள்தான் தெரியவரும். மற்ற நாளெல்லாம் அதற்கு வாய் அந்த விளக்கு ஒன்றுதான்.

அந்த விளக்கு எரிந்தால் எங்கே பார்ப்பது? பட்டறைகளில் நடப்பதையும், தொழில்நுட்ப நூல்கள் சொல்வதையும், உலகம் முழுக்க வந்த திரும்பப்பெறும் அறிவிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: பை கெட்டுப்போவது அபூர்வம், பைக்கும் அதை விரிக்கச் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில் நடக்கிற பேச்சு கெட்டுப்போவதுதான் வழக்கம். ஆனால் நம் பட்டறைகளோ ஒன்று பையை மாற்றச் சொல்கின்றன, இல்லை விளக்கை அணைக்கின்றன. இரண்டுமே நடுவில் இருக்கிற கம்பியைப் பார்க்காத வேலை.

முதலில் கொஞ்சம் வரலாறு, வேகமாக. 1953-ல் அமெரிக்கர் ஜான் ஹெட்ரிக் காருக்கான காற்றுப்பைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் நம்பியது அழுத்தி அடைத்த காற்றை. கண் இமைப்பதற்குள் பையை நிரப்ப அந்த வேகம் பற்றாது என்று தெரிந்த பிறகு பொறியாளர்கள் மருந்துப் பக்கம் வந்தார்கள். வெகுகாலம் சோடியம் அசைடு, பிறகு குவானிடின் நைட்ரேட் வகைகள். நடுவில் ஜப்பானின் தகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டை எடுத்தது. ஈரமும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறித் தாக்கியதில் மருந்து வில்லைகள் சிதைந்தன. அளவாக எரிய வேண்டியது வெடித்தது. உலோகக் கூடு சில்லுகளாகப் பறந்து காப்பாற்ற வேண்டியவரையே குத்தியது. உலகளவில் கோடிக்கணக்கான ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன, 2017 ஜூனில் நிறுவனம் திவாலானது. ஈரம் பட்ட மருந்தை நம்பக் கூடாது என்று சிவகாசியில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது மருந்தின் கதை. நாம் பேச வந்தது கம்பியின் கதை.

இந்தியாவில் இந்தக் கதை இப்போதுதான் சூடு பிடிக்கிறது. 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். முன்னிருக்கைப் பயணிக்கானது புது மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல். ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த ஆண்டுக் கடைசி வரை அவகாசம் தந்தார்கள். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற பேச்சு 2022-ல் தள்ளிப்போய், 2023-ல் கைவிடப்பட்டது. கட்டாயமில்லாமலே பல நிறுவனங்கள் ஆறு வைத்து விற்கின்றன. அதாவது, சட்டம் வந்த புதிதில் வாங்கிய கார்கள் இப்போது வாரண்டி முடிந்து ஊர்ப்பட்டறைக்கு வந்துவிட்டன. முன்பு பெரிய காரில் மட்டும் இருந்த பழுது இன்று ஆல்டோவில் வருகிறது. பார்க்கிறவர் கையில் இருப்பதோ ஒரு டெஸ்ட் லைட், ஒரு மல்டிமீட்டர், புளூடூத்தில் ஓடும் ஒரு மலிவு ஸ்கேனர்.

டெஸ்ட் லைட்டிலிருந்தே தொடங்குவோம். ஆபத்து அங்கேதான்.

ஏர்பேக்கின் உள்ளே மருந்தைப் பற்றவைக்க ஒரு சின்னத் தீமூட்டி இருக்கிறது. பட்டறையில் ஸ்க்விப் என்பார்கள். தீக்குச்சித் தலை மாதிரிதான். பெட்டியில் உரசுவதற்குப் பதில், தலைக்குள் ஓடும் மெல்லிய கம்பி மின்சாரத்தில் சூடாகிப் பற்றவைக்கும். திருவிழா வாணவேடிக்கையில் தூரத்தில் நின்று பொத்தானை அழுத்திக் கொளுத்துகிறார்களே, அதே தத்துவம். இந்தத் தீமூட்டியின் மின்தடை சுமார் 2 ஓம். பரவலாகப் பின்பற்றும் தர அளவுப்படி 0.4 ஆம்பியர் பத்து வினாடி பாய்ந்தாலும் அது பற்றக் கூடாது, 1.2 ஆம்பியர் 2 மில்லி செகண்ட் பாய்ந்தால் பற்றியே ஆக வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். டெஸ்ட் லைட்டில் பலர் மாட்டியிருப்பது இண்டிகேட்டர் பல்பு, 21 வாட். 12 வோல்ட்டில் அது இழுப்பது 1.75 ஆம்பியர். தீமூட்டியின் 2 ஓமையும் தொடரில் சேர்த்தால்கூட 1.3 ஆம்பியருக்குக் குறையாது. பல்பு சூடேறாத முதல் கணத்தில் இன்னும் அதிகம். "கரண்டு வருதா பார்ப்போம்" என்று ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் இரண்டு கம்பியில் டெஸ்ட் லைட்டைக் குத்துகிறவர், திரியில் ஊதுவத்தியை வைத்துப் பார்க்கிறார் என்று அர்த்தம். மல்டிமீட்டர் அவ்வளவு மோசமில்லை. இன்றைய டிஜிட்டல் மீட்டர் ஓம் அளவில் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் அனுப்பும். ஆனாலும் எந்தக் கம்பெனியின் கையேடும் ஏர்பேக்கின் மேல் நேரடியாக மீட்டர் வைக்கச் சொல்வதில்லை. கையேட்டுக்கு உங்கள் மீட்டர் எது, அதை எந்த இடத்தில் திருகி வைத்திருக்கிறீர்கள் என்று தெரியாது. கல்குவாரியில் டெட்டனேட்டரைச் சோதிக்கத் தனி மீட்டர் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

இதனால்தான் ஏர்பேக் கம்பிகள், அவற்றை இணைக்கும் கப்ளர்கள் எல்லாம் மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. மஞ்சள் கண்டால் கையை எடு என்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குப் பொதுப் பாஷை. தொட வேண்டுமானால் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காத்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. மோதலில் பேட்டரி நசுங்கிப்போனாலும் பையை விரிக்க மின்சாரம் சேர்த்து வைத்திருக்கும். அது வடிய வண்டிக்கு வண்டி ஒரு நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை ஆகும். பேட்டரியைக் கழற்றியதும் கை வைப்பவர், புஸ்வாணம் அணைந்துவிட்டது என்று எட்டிப் பார்க்கும் பையன் மாதிரி.

மீட்டர் வைக்கக் கூடாது என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஏர்பேக் பெட்டியே ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. சாவியைத் திருப்பியது முதல், பற்றவைக்கப் போதாத ஒரு பொடி மின்னோட்டத்தை ஒவ்வொரு தீமூட்டிக்கும் அனுப்பி, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்து மின்தடையைக் கணக்கிடுகிறது. "இருக்கியா?" என்று கேட்பது போல. 2 ஓம் அக்கம்பக்கத்தில் பதில் வந்தால் சரி. கூடினால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது அல்லது முனை கறுத்திருக்கிறது. குறைந்தால் இரண்டு கம்பியும் ஒட்டியிருக்கின்றன. பாடியில் உரசினால் எர்த் ஷார்ட், வேறொரு சப்ளைக் கம்பியில் உரசினால் பேட்டரி ஷார்ட். இந்த நான்கில் ஒன்றைத்தான் ஸ்கேனரில் பி (B) என்று தொடங்கும் பழுதுக் குறியீடுகள், பட்டறைப் பாஷையில் 'கோடுகள்', பெரும்பாலும் சொல்கின்றன. எஞ்சின் கோடுகளோடு ஒப்பிட்டால் இங்கே கூடுதல் குறைச்சலுக்கு இடமே இல்லை. ஹெட்லைட் கப்ளரில் ஒரு ஓம் கூடினால் வெளிச்சம் கொஞ்சம் மங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே பச்சை பூத்த ஒரு பின் ஒரு ஓம் கூட்டினால் விளக்கு எரிந்துவிடக்கூடும். பையில் எந்தக் குறையும் இருக்காது.

அந்த ஒரு ஓம் எங்கே ஒளிந்திருக்கும்? ஓட்டுநர் ஏர்பேக் என்றால் முதல் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங்கின் மேல். சுழலும் ஸ்டீயரிங்குக்கும் அசையாத தண்டுக்கும் நடுவில், ரிப்பன் போலச் சுருட்டி வைத்த தட்டைக் கம்பி அது. ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் சுருண்டு விரிந்ததில் ரிப்பன் ஓரிடத்தில் விரிசல் விடும். நேராக ஓட்டும்போது சரியாக இருக்கும், முழுதாக ஒடித்துத் திருப்பும்போது அறும். ஹாரன் அடிக்காமல் போவதும், ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தான்கள் சேர்ந்து படுப்பதும் இதற்குத் துணைச் சாட்சி. நல்ல ஸ்கேனர் லைவ் டேட்டாவில் ஓம் எண்ணையே காட்டும். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லத் திருப்பிக்கொண்டே எண்ணைப் பார்த்தால் 2-லிருந்து துள்ளும் இடம் தெரிந்துவிடும். பையைத் தொடவே வேண்டாம். ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும்போது கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலைக்குக் கொண்டுவராமல் மாட்டினால் முதல் யூ-டர்னிலேயே ரிப்பன் அறுந்துபோகும். பழுது பார்க்கப் போய்ப் பழுது உண்டாக்குவது இந்த இடத்தில்தான் அதிகம்.

அடுத்த இடம் சீட்டுக்கு அடியில். பக்கவாட்டு ஏர்பேக்குக்கும், பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனருக்கும் போகும் மஞ்சள் கப்ளர்கள் பல வண்டிகளில் அங்கேதான் தொங்குகின்றன. (பிரிடென்ஷனரிலும் மருந்து உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) நம் வீட்டுக் காரின் சீட்டுக்கடியில் என்னவெல்லாம் இருக்கும்? தண்ணீர் பாட்டில், குடை, செருப்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு பை நிறையக் கம்பி மத்தாப்பு. சீட்டை முன்னே இழுக்கும்போது பாட்டில் கப்ளரை நெட்டும். பின் கழன்றுவிடாது, லேசாகத் தளரும். அதுபோதும். எலி கடித்த கம்பியும் இந்தப் பகுதியில்தான் அகப்படும். சீட் கவர் தைப்பவர் கப்ளரைக் கழற்றி, சாவி போட்டபடியே மறுபடி மாட்டினால், இல்லாத பழுது ஒன்று நினைவில் பதிந்து நிற்கும்; அதைக் கோடு அழித்தாலே போதும். எந்தக் கோடு அழிக்கலாம், எது கூடாது என்று பிரித்தறிவதுதான் தொழில்.

மெக்கானிக்குகள் அடிக்கடி விழும் ஒரு குழியைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் கப்ளரைக் கழற்றினால் அதற்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இரண்டு பின்களையும் தானாக ஒன்றோடொன்று இணைத்துவிடும். ஷார்ட்டிங் பார் என்பது பெயர். கழன்று கிடக்கும் பையில் நிலைமின்சாரம் ஏறினாலும் இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் நடுவில் மின்னோட்டம் ஓடாது, தீமூட்டி பற்றாது. மருந்து அறை வாசலில் உள்ள செம்புத் தகடு செய்கிற காவலை இங்கே இந்தத் தகடு செய்கிறது. பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிப் பக்கத்துக் கப்ளரிலும் இது உண்டு. இது தெரியாதவர் பெட்டியைக் கழற்றி, வயரிங்கில் மட்டும் மீட்டர் வைக்கிறார். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. "ஒயரிங் ஷார்ட் ஆயிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, முழு வயரிங்கையும் மாற்ற எஸ்டிமேட் எழுதுகிறார். ஷார்ட் ஆகியிருந்தது கம்பி இல்லை, காவல் தகடு. மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகித் தகட்டைத் தூக்கிவிட்டு அளந்தால் உண்மை தெரியும்.

பையா, கம்பியா என்ற வழக்கைத் தீர்க்க ஒரு நேர்வழி உண்டு. பையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 2 ஓம் அளவுள்ள சோதனை மின்தடையை மாட்டுவது. கோடு போய்விட்டால் குறை பையில்; போகவில்லை என்றால் கம்பியில். இதற்கென்றே கம்பெனிக் கருவிகள் இருக்கின்றன. இதே மின்தடையைத் தவறான காரியத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதுவரை பேசியது பைக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள பேச்சு. இன்னொரு பேச்சு மோதல் உணர்விகளிலிருந்து வருவது. முன்பம்பருக்குப் பின்னாலும் கதவுத் தூண்களிலும் உள்ள சென்சார்கள் இரண்டே கம்பியில் மின்சாரத்தையும் வாங்கிக்கொண்டு, அதே கம்பியில் செய்தியையும் திருப்பி அனுப்புகின்றன. பிஎஸ்ஐ5 என்ற முறையில் சென்சார் தான் இழுக்கும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தே பேசுகிறது. எனவே ஓம் மீட்டரை வைத்து இந்தச் சென்சார் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. நாடி பார்ப்பதற்குப் பதில் ஆளை எடை போட்டுப் பார்க்கிற வேலை அது. இடதும் வலதும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் போட்டு, பழுதும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது எளிய வழி. பம்பர் தட்டி ஒட்டிய வண்டியிலும், முன்னால் இரும்புக் கம்பி காப்பு மாட்டிய வண்டியிலும் இந்தக் கோடுகள் அதிகம் வரும். அந்தக் காப்புகளை மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. ஊரில் யார் கேட்கிறார்கள்.

மூன்றாவது பேச்சுதான் இன்று பட்டறைகளை அதிகம் திணறடிப்பது. ஏர்பேக் பெட்டி மற்ற பெட்டிகளோடு பேசும் கேன் லைன். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் வெளியிட்ட முறை. 1993-ல் ஐஎஸ்ஓ 11898 என்ற உலகத் தரமானது. முறுக்கிய இரண்டு கம்பி, இரண்டு கோடியிலும் 120 ஓம் மின்தடை. எஞ்சின், ஏ.பி.எஸ்., மீட்டர் போர்டு, ஏர்பேக் எல்லாம் அந்த ஒரே தெருவில் குடியிருக்கின்றன. மோதல் நடந்தால் கதவுப் பூட்டைத் திற, எரிபொருளை நிறுத்து என்று ஏர்பேக் பெட்டி ஊருக்குச் சொல்வது இதன் வழியேதான்.

இங்கே வருவது யு என்று தொடங்கும் கோடுகள். யு0151 என்றால் 'ஏர்பேக் பெட்டியோடு தொடர்பு அறுந்தது'. இதைச் சொல்வது ஏர்பேக் பெட்டி இல்லை. எஞ்சின் பெட்டியோ மீட்டர் போர்டோ எழுதி வைத்த புகார் அது. பிராது கொடுத்தவன் ஒருவன், பிராது இன்னொருவன் மேல். வந்திருக்கும் எந்தக் கோடுக்கும் முதல் கேள்வி இதுதான்: யார் சொன்னது? எல்லோரும் சேர்ந்து ஏர்பேக் பெட்டி ஒன்றின் மேல் மட்டும் புகார் சொன்னால், பெட்டிக்குச் சப்ளை இல்லை, எர்த் இல்லை, அல்லது அதற்குப் போகும் கிளைக் கம்பி அறுந்திருக்கிறது. எல்லோரும் எல்லோர் மேலும் புகார் சொன்னால் தெருவே அடைபட்டிருக்கிறது. ஏதோ ஒரு பெட்டி இரண்டு கம்பியையும் ஷார்ட் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரே சமயத்தில் பத்துப் பெட்டிகளில் பத்து யு கோடுகள், ஆனால் எல்லாம் பழையவை, இப்போது எதுவும் இல்லை என்றால், பெரும்பாலும் பேட்டரிதான் குற்றவாளி. துபாயில் இருப்பவரின் வண்டி ஆறு மாதம் ஷெட்டில் நின்று, ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட்டேஜ் விழுந்து பெட்டிகள் ஒவ்வொன்றாக மயங்கியிருக்கும். அந்த வண்டிக்கு ஏர்பேக் பெட்டி மாற்றச் சொன்னவர்களும் உண்டு.

மலிவு ஸ்கேனர் இங்கே கைவிட்டுவிடும். அது பெரும்பாலும் எஞ்சினோடு மட்டும் பேசத் தெரிந்தது. "ஸ்கேனர்ல ஒண்ணும் வரல" என்றால் பழுது இல்லை என்று பொருளில்லை. அந்தப் பெட்டியின் பாஷை இந்தக் கருவிக்குத் தெரியாது, அவ்வளவுதான். எல்லாப் பெட்டியையும் வாசிக்கும் கருவி இல்லாமல் கேன் பழுதில் இறங்கக் கூடாது.

கருவி இருந்தால் மீட்டருக்கும் வேலை உண்டு. தீமூட்டியில்தான் மீட்டர் கூடாது. கேன் லைனில் வைக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவில் அளந்தால், இரண்டு 120-ம் இணையாக இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கம்பிகள் ஒட்டியிருக்கின்றன. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றியதும் 60 திரும்புகிறதோ அதைப் பிடிக்கலாம். ஆனால் இந்த 60-ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம். புது வண்டிகளில் ஓபிடி சாக்கெட்டுக்கும் உள் தெருக்களுக்கும் நடுவில் கேட்வே பெட்டி ஒன்று காவல் நிற்கிறது. வெளியே 60 சரியாக இருக்கும், உள்ளே ஏர்பேக் தெரு அறுந்து கிடக்கும். வயரிங் படம் இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சரவெடி கோர்ப்பது போலத்தான்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் பழுதில் பங்கு வகிக்கிறது. பல கார்களில் அது கியர் கன்சோலுக்குக் கீழே, தரையோடு தரையாகப் போல்ட் போட்டிருக்கும். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் தூசியில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வழிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். கீழே பெட்டியின் பின்கள் பச்சை பூத்துக்கொண்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்ததே, அப்போது தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் நீரில் நின்ற கார்களில் முதலில் நனைந்தது இந்த மட்டத்தில் இருந்தவைதான். அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுக் கைமாறும். பின்களில் பூக்கும் பச்சை, மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். இரண்டாம் கை வண்டி வாங்குகிறவர் கன்சோல் ஓரம் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பது, எஞ்சின் சத்தம் கேட்பதைவிடப் பயனுள்ளது.

பெட்டியைக் கழற்றி மாட்டும்போது இன்னொன்று. அதற்குள்ளேயே ஒரு மோதல் உணர்வி இருக்கிறது. அம்புக்குறி வண்டியின் முன்பக்கம் பார்க்க, சொன்ன அளவு இறுக்கி மாட்டிய பிறகே பேட்டரி கொடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு சாவி போட்டுப் பார்ப்பவர் தன் அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறார்.

கம்பி, கப்ளர், கேன் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டியே தவறலாமா? தவறலாம். இந்தியாவிலேயே பார்த்தோம். 2022 ஆகஸ்டில் மாருதி சுசுகி 166 டிசையர் டூர் எஸ் வண்டிகளை ஏர்பேக் பெட்டி மாற்ற அழைத்தது. அக்டோபரில் கியா 44,174 கேரன்ஸ் வண்டிகளை ஏர்பேக் பெட்டியின் மென்பொருளைச் சோதிக்க அழைத்தது. 2023 ஜனவரியில் மீண்டும் மாருதி, ஆல்டோ கே10, பிரெஸா, பலேனோ உள்ளிட்ட 17,362 வண்டிகள், ஏர்பேக் கண்ட்ரோலர். வெளிநாட்டுக் கதை இன்னும் கலங்க வைப்பது. மோதும்போது சென்சார் கம்பி வழியே எழும் மின்னதிர்வு பெட்டிக்குள் பாய்ந்து, பையை விரிக்கும் முன்பே சிப்பைச் சாகடித்துவிடுகிறது என்ற சந்தேகத்தில், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2019-ல் 1 கோடியே 23 லட்சம் வண்டிகளை விசாரணைக்கு எடுத்தது. இதே குறைக்காக 2020 ஜனவரியில் டொயோட்டா உலகளவில் 34 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இந்த வண்டிகளில் விளக்கு எரியாது. எல்லாச் சுயசோதனையிலும் பெட்டி தேறிவிடும். மோதும் நாளில் மட்டும் தோற்கும். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரமும் இதே இனம்தான்: சாவி சுவிட்சின் ஸ்பிரிங் பலவீனம், ஓடும்போதே சாவி நழுவி மின்சாரம் நின்றது, ஏர்பேக்குக்கு உயிர் இல்லாமல் போனது. 124 மரணங்களுக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்தது. இதையெல்லாம் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனி அனுப்பும் கடிதம் ஒன்றுதான் மருந்து. இரண்டாம் கையில் வாங்கிய வண்டிக்கு அந்தக் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போகும் என்பதால், சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது நம் வேலை.

இப்போது, முன்பு தள்ளிவைத்த அந்த 2 ஓம் மின்தடை விஷயம்.

பெரிய மோதலில் இரண்டு ஏர்பேக் விரிந்தால், பை, பெட்டி, பெல்ட், டாஷ்போர்டு எல்லாம் மாற்ற வேண்டும். செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது மொத்த இழப்பு. காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் லாபம் பார்க்க வேண்டும். டாஷ்போர்டை ஒட்டி, மூடியைப் பொருத்தி, பை இருக்க வேண்டிய இடத்தில் சில ரூபாய் விலையுள்ள 2 ஓம் மின்தடையை மாட்டிவிடுவார்கள். "இருக்கியா?" என்று பெட்டி கேட்கும், "இருக்கேன்" என்று மின்தடை சொல்லும். பெட்டியில் பதிந்த மோதல் நினைவைக் கணினி வைத்து அழித்துவிடுவார்கள். அதுவும் முடியாதபோது விளக்கின் கம்பியையே வெட்டி, வேறொரு விளக்கோடு சேர்த்துவிடுவது உண்டு. உலகம் முழுக்க நடக்கிற திருட்டு இது. பட்டாசில் கலப்படம் செய்தால் வெடிக்காமல் போகும், வாங்கியவர் திட்டுவார். இங்கே வாங்கியவர் திட்ட இருக்க மாட்டார்.

தடுக்க யார் இருக்கிறார்கள்? சொந்தக் கார் பதிவானால் 15 ஆண்டுக்குத் தகுதிச் சான்று கேட்பாரில்லை. அத்தனை காலம் அந்த விளக்கை அரசுத் தரப்பில் யாரும் பார்ப்பதில்லை. பட்டாசு அறைக்கு வெடிபொருள் துறை, தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறை, வருவாய்த் துறை என்று மூன்று பேர் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். போதவில்லை என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாமே சொல்கிறோம். கோடிக்கணக்கான கார்களில் இருக்கும் மருந்துக்கு ஒருவரும் இல்லை.

ஊர் மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஷார்ட்டிங் பார் எந்தக் கப்ளரில் இருக்கிறது, கெபாசிட்டர் வடிய எத்தனை நிமிடம், தீமூட்டிக்கு எத்தனை ஓம் வரை சரி, கேட்வேக்குப் பின்னால் கம்பி எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குள் பூட்டிக் கிடக்கின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது; எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. மற்ற பாகங்களின் வயரிங் படத்தைத் தருவது பற்றிக் கம்பெனிகளுடன் பேரம் பேசிக்கொண்டே இருக்கட்டும். ஏர்பேக் பக்கங்களை மட்டுமாவது பேரமில்லாமல், விலையில்லாமல், தமிழிலும் வெளியிடச் சட்டம் வேண்டும். மருந்து அறையின் விதிகளைத் தெரியும்படி எழுதி வாசலில் மாட்டச் சொல்லும் நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லை. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் பட்டறைக்குப் போங்கள்; கோடு அழிப்பதற்கு முன் அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். விளக்கு எரியவே இல்லை என்றால் அது எரிந்துகொண்டே இருப்பதைவிட மோசம். அது நீங்கள் வாங்கப் பார்க்கும் பழைய வண்டியாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.